வண்டி கம்பெனியுடையது, பழுது டிரைவருடையது

சரக்கு வந்த வழி – 14

சென்ற வாரம் சான் பெட்ரோ விரிகுடாவில் நிறுத்தியிருந்தோம். லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் என்று தோளோடு தோள் உரசி நிற்கும் இரண்டு துறைமுகங்கள். ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் கன்டெய்னர்களில் கணிசமான பங்கு இறங்குவது இங்கேதான். கிரேன் அந்த இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் உட்காரவைப்பது வரை பார்த்தாயிற்று. இனி அந்த லாரி. அதிலும், அது பழுதாகி நிற்கும் நாள்.

லாரி பழுதானால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சொந்த வண்டிக்கு அது சரி. லீஸ் வண்டி என்றால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். வண்டி யார் பெயரில் இருக்கிறது? எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போவது என்று சொல்பவர் யார்? பில் கட்டுபவர் யார்? மூன்றுக்கும் ஒரே ஆள்தான் பதில் என்றால் சிக்கலே இல்லை. பெயர் ஒருவருடையது, முடிவு இன்னொருவருடையது, பில் மட்டும் ஓட்டுகிறவருடையது என்று பிரிந்துவிட்டால், ஒரே ஒரு பழுதில் பல ஆண்டு உழைப்பு கையைவிட்டுப் போகும். அப்படிப் போனவர்களைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில், ஒழுங்காக நடக்கும் முறையைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்க நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனாலே ரைடர், பென்ஸ்கி என்ற பெயர்கள் கண்ணில் பட்டுவிடும். 1933-இல் ஜேம்ஸ் ரைடர் மயாமியில் ஒரே ஒரு பழைய டிரக்கை வைத்துத் தொடங்கியது முதலாவது. கார்ப் பந்தய வீரராக இருந்த ரோஜர் பென்ஸ்கி 1969-இல் தொடங்கியது இரண்டாவது. ஒரு ரொட்டிக் கம்பெனிக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ நாற்பது லாரி தேவைப்பட்டால், மொத்தப் பணத்தையும் கொட்டி வாங்க வேண்டியதில்லை. இவர்களிடம் சில ஆண்டுகளுக்கு லீஸுக்கு எடுக்கலாம். மாதத்துக்கு இவ்வளவு, ஓடும் மைலுக்கு இவ்வளவு என்று வாடகை. ஆயில் மாற்றுவது, பிரேக், டயர், பாதி வழியில் நின்றால் உதவிக்கு ஆள், ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களுக்கு மாற்று வண்டி எல்லாமே அந்த வாடகைக்குள் அடக்கம். முழுச் சேவை லீஸ் என்பது இதன் பெயர்.

இந்த வண்டி இரவு இரண்டு மணிக்கு வழியில் நின்றுவிட்டால், டிரைவர் லீஸ் கம்பெனியின் எண்ணைக் கூப்பிடுவார். வண்டி எண், நிற்கும் இடம், டேஷ்போர்டில் எரியும் விளக்கின் நிறம், கடைசியாகக் கேட்ட சத்தம், இவ்வளவும் சொன்னால் போதும். மெக்கானிக் வருவார், இல்லையேல் இழுவை வண்டி வரும். பழுதுக்கான பில் டிரைவரின் கண்ணிலேயே படாது.

இதில் தர்ம சிந்தனை எதுவும் கிடையாது. லீஸ் முடிந்ததும் வண்டி திரும்ப ரைடரிடமோ பென்ஸ்கியிடமோதான் போகப்போகிறது. அதை நல்ல விலைக்கு விற்றாக வேண்டும். நடுவில் நின்றால் மாற்று வண்டி கொடுக்கும் செலவும் அவர்களுடையதே. அதனால் ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போட அவர்களுக்கு மனம் வராது. தேய்ந்த டயர் அவர்கள் கணக்கு, நடைபாதை ஓரத்தில் மோதிக் கிழித்த டயர் வாடிக்கையாளர் கணக்கு என்பதுபோன்ற சச்சரவுகள் எப்போதும் உண்டு. ஆனால் அவை இரண்டு கம்பெனிகளின் கணக்குப் பிரிவுகளுக்கு இடையே நடப்பவை. ஸ்டியரிங் பிடிப்பவரின் வீட்டுச் செலவில் அவை கை வைப்பதில்லை.

இன்னொரு வகை லீஸும் இருக்கிறது. லீஸ்-பர்ச்சேஸ் என்கிறார்கள். வாரா வாரம் தவணை கட்டி, கடைசித் தவணையில் வண்டி உங்களுக்கே என்பது ஏற்பாடு. முன்பணம் வேண்டாம், வங்கிக்கு அலைய வேண்டாம், இன்றைக்கே சாவி, நீங்களே முதலாளி என்று விளம்பரம் வரும். புதிதாக லைசன்ஸ் எடுத்தவர்கள், அண்மையில் குடியேறியவர்கள், கடன் கிடைக்காதவர்கள் இதில்தான் அதிகம் சேருகிறார்கள்.

டிரைவர் இரண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுவார். முதலாவதில் ஒரு லீஸ் நிறுவனத்திடமிருந்து லாரியை எடுக்கிறார். இரண்டாவதில் அதே லாரியைத் தன்னோடு சேர்த்துச் சரக்குக் கம்பெனிக்கு லீஸுக்கு விடுகிறார். பல இடங்களில் அந்த லீஸ் நிறுவனம் சரக்குக் கம்பெனியின் துணை நிறுவனமாகவோ கூட்டாளியாகவோ இருக்கும். ஆக, லாரி கம்பெனி முற்றத்தைவிட்டு நகராமலே இரண்டு கை மாறிவிட்டது. மாறியது ஒன்றுதான்: டீசல், காப்பீடு, டயர், பழுது எல்லாம் இப்போது டிரைவர் தலையில். வேறு கம்பெனியின் சரக்கை ஏற்ற அனுமதி இராது. லோடு கொடுப்பதும் கொடுக்காததும் கம்பெனியின் விருப்பம். முதலாளி என்று பேர், அவ்வளவுதான்.

வாரக் கடைசியில் கணக்குச் சீட்டு வரும். மேலே இரண்டு மூன்று வரிகளில் அந்த வாரம் ஓட்டிய லோடுகளும் அவற்றுக்கான கூலியும் இருக்கும். கூட்டிப் பார்த்தால் நல்ல தொகைதான். அதற்குக் கீழே பிடித்தங்கள் தொடங்கும். லாரித் தவணை, டீசல், காப்பீடு, நம்பர் பிளேட் கட்டணம், ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவிக்கு வாடகை, பராமரிப்பு நிதி, டயர் நிதி, போன மாதம் மாற்றிய ஆல்டர்னேட்டருக்காகக் கம்பெனி முன்பணமாகக் கொடுத்ததில் இந்த வாரத் தவணை. எல்லாவற்றையும் தாண்டி அடியில் நிற்கும் எண்தான் வீட்டுக்குப் போகும். சில வாரங்களில் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி இருக்கும். வாரம் முழுக்க ஓட்டியவர் கம்பெனிக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று பொருள்.

பராமரிப்பு நிதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழுது வரும் நாளுக்கென்று ஒவ்வொரு மைலுக்கும் சில சென்ட் எடுத்து வைப்பது நல்ல யோசனை. மைலுக்கு 10 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 2,500 மைல் ஓடினால் 250 டாலர். ஐம்பது வாரத்தில் 12,500 டாலர். சின்னத் தொகை இல்லை. இந்தப் பணம் யாருடையது? டிரைவருடையது. யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடம். எந்தப் பழுதுக்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது என்று சொல்வதும் கம்பெனி. நிதியில் இருப்பதைவிடப் பில் கூடிவிட்டால் மிச்சம் கடனாக ஏறும். லீஸைப் பாதியில் விட்டுப் போனால், நிதியில் இருந்தது ‘இறுதிச் சீரமைப்பு’ என்ற தலைப்பில் கரைந்துபோவது இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் புகார்.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. 1979-இல் அன்றைய மாநிலங்களுக்கிடையேயான வணிக ஆணையம் கொண்டுவந்த லீஸ் விதிகள் இன்றும் அமலில் இருக்கின்றன; கூட்டாட்சி விதித் தொகுப்பின் 49-ஆம் தலைப்பில் 376-ஆம் பகுதியாக. கம்பெனி பிடித்து வைக்கும் நிதி எதற்கெல்லாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். டிரைவர் எப்போது கேட்டாலும் கணக்குக் காட்ட வேண்டும். பிடித்த பணத்துக்கு வட்டி தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்த 45 நாட்களுக்குள் மிச்சத்தைத் திருப்ப வேண்டும். கம்பெனி சொல்லும் இடத்தில்தான் பொருளோ சேவையோ வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்துக்கு நிபந்தனை போடக் கூடாது. பில் தொகையைக் கூலியில் கழித்தால் அந்தப் பில்லின் நகலைக் கொடுக்க வேண்டும். படித்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் லீஸ் நிறுவனம் வேறு, சரக்குக் கம்பெனி வேறு என்று காகிதத்தில் பிரித்துக்காட்டி நழுவப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்குக் கேட்ட டிரைவருக்கு அடுத்த வாரம் லோடு வராமல் போனால் அதை நிரூபிப்பது யார்?

இப்போது வண்டி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுந்தூரம் ஓட்டும் டிரைவர், வீட்டிலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால். கம்பெனியின் பழுதுப் பிரிவைக் கூப்பிடுகிறார். எந்த ஒர்க்‌ஷாப் என்பதை அவர்கள் சொல்கிறார்கள்; குறிப்பிட்ட தொகைக்கு மேல் அவர்கள் ஒப்புதல் இல்லாமல் மெக்கானிக் கை வைக்க மாட்டார். கனரக லாரி டீலரிடம் மெக்கானிக் கூலி பல ஊர்களில் மணிக்கு 150 டாலரைத் தாண்டிவிட்டது. லேப்டாப்பைச் சொருகி என்ன கோளாறு என்று பார்ப்பதற்கே தனிக் கட்டணம். உதிரிபாகம் வர மூன்று நாள் என்பார்கள். அந்த மூன்று நாளும் அவருக்குப் படுக்கை கிடையாது, ஏனென்றால் அவருடைய படுக்கை லாரிக்குள் இருக்கிறது, லாரி ஒர்க்‌ஷாப்புக்குள் இருக்கிறது. மோட்டல் வாடகை கைக்காசு. வண்டி ஓடாததால் கூலி இல்லை. தவணை மட்டும் நிற்காது. அந்த வாரச் சீட்டிலும் முழுத் தொகை பிடிக்கப்படும்.

வாரன்டி இருக்குமே என்று கேட்கலாம். கனரக என்ஜின்களுக்குப் பொதுவாகத் தருவது இரண்டு ஆண்டு அல்லது 2,50,000 மைல், எது முந்தியதோ அது. நெடுந்தூர லாரி ஆண்டுக்கு ஒரு லட்சம் மைல் ஓடும். இரண்டு ஆண்டில் அந்தக் காப்பு முடிந்துவிடும். லீஸ்-பர்ச்சேஸுக்குக் கொடுக்கும் வண்டிகளில் பல, கம்பெனியே சில ஆண்டுகள் ஓட்டி முடித்தவை. பழுதுகள் வரிசை கட்டி வரும் வயதில்தான் வண்டி டிரைவர் கைக்கு வருகிறது. தற்செயல் என்று இதை நான் நம்பவில்லை.

சான் பெட்ரோவுக்குத் திரும்புவோம். பழுதும் லீஸும் ஓர் ஊரையே எப்படிப் பிடித்தாட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

2008 அக்டோபர் 1-ஆம் தேதி இரு துறைமுகங்களும் தூய லாரித் திட்டத்தைத் தொடங்கின. 1989-க்கு முந்தைய லாரிகளுக்கு அன்றே தடை. படிப்படியாக இறுக்கி, 2012 தொடக்கத்துக்குள் 2007-ஆம் ஆண்டின் புகைத் தரத்துக்கு உட்பட்ட லாரி மட்டுமே உள்ளே வரலாம் என்றாயிற்று. துறைமுகத்தை ஒட்டிய வில்மிங்டனிலும் மேற்கு லாங் பீச்சிலும் குழந்தைகள் டீசல் கரியைச் சுவாசித்து வளர்ந்த காலம் அது. திட்டம் தேவைதான், காற்றும் நிஜமாகவே சுத்தமானது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

செலவு யாருடையது என்பதில்தான் வினை. சுமார் 16,000 லாரிகள் துறைமுகத்துக்கு வந்துபோயின. ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, எல் சால்வடார், குவாத்தமாலா பக்கமிருந்து வந்தவர்கள்; பழைய வண்டியைச் சொந்தமாக வைத்து, நின்றால் தெருவோரத்தில் தாங்களே படுத்துப் பழுது பார்த்து ஓட்டியவர்கள். புது வண்டி லட்சம் டாலருக்கு மேல். வங்கி கொடுக்காது. கம்பெனிகள் வாங்கி, அவர்களிடமே லீஸ்-பர்ச்சேஸில் விட்டன. டிரைவர்களைக் கம்பெனி ஊழியர்களாகவே வைக்க வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகம் நிபந்தனை போட்டுப் பார்த்தது. லாரி முதலாளிகளின் தேசியச் சங்கம் வழக்குப் போட்டது. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. அன்று மட்டும் அது நிலைத்திருந்தால் பின்னால் நடந்தவற்றில் பாதி நடந்திராது என்பது என் கருத்து.

அந்தப் புது லாரியில் பழைய லாரியில் இல்லாத ஒரு பாகம் இருந்தது. புகைக்குழாய் வழியில் ஒரு கனத்த உருளை. உள்ளே தேனடைபோல நெருங்கிய துளைகள் கொண்ட பீங்கான். டீசல் கரியை அதுதான் பிடித்துவைக்கிறது. பிடித்த கரி எரிந்து தீர வேண்டும். அதற்கு நல்ல சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் சுமையோடு சீராக ஓடும் வண்டியில் புகை சூடாக இருக்கும். கரி பெரும்பாலும் தானாகவே எரிந்துவிடும். துறைமுக லாரியோ வாயிற்கதவு வரிசையில் மணிக்கணக்காக ஊர்கிறது. என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது, புகை சூடேறாது. கரி சேர்ந்துகொண்டே போகும்.

ஒரு கட்டத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். காய்ந்த புல்லோ குப்பையோ பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும். என்ஜின் தானாகவே வேகமெடுத்து உறுமும், கூடுதல் டீசல் எரியும், புகைக்குழாய் பக்கம் கை வைக்க முடியாது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். டிரைவருக்குக் கூலி நடைக்கு இவ்வளவு என்றுதான். நிற்கும் நேரத்துக்கு இல்லை. வரிசையிலிருந்து விலகினால் இடம் போயிற்று, அன்றைக்கு ஒரு நடை குறைந்தது. அதனால் அடுத்த நடை முடிந்து பார்க்கலாம் என்று தள்ளுவார். விளக்கு சிமிட்டத் தொடங்கும். அப்புறம் என்ஜின் இழுக்காது. கடைசியில் சிவப்பு விளக்கு. இனி சுவிட்ச் கேட்காது. டீலரிடம் இழுத்துப்போய், லேப்டாப் வழியாக எரிக்க வேண்டும், அல்லது உருளையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே பீங்கான் வெடித்திருந்தால் புதிது போட வேண்டும், சில ஆயிரம் டாலர். பழைய வண்டியைப் போலத் தெருவோரத்தில் படுத்துச் சரிசெய்கிற சங்கதி இல்லை. லேப்டாப்பும் மென்பொருளும் இருப்பவரிடம்தான் போயாக வேண்டும்.

டிரைவரின் கவனக்குறைவு என்று கம்பெனி பில்லை நீட்டும். கூலி கொடுக்காமல் வரிசையில் காத்திருக்க வைத்தது யார் என்ற கேள்வி பில்லில் வராது.

2017-இல் யுஎஸ்ஏ டுடே நாளிதழ், பிரெட் மர்ஃபி என்ற செய்தியாளரின் நீண்ட புலனாய்வை வெளியிட்டது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்று வரை போனது அது. துறைமுக டிரைவர் ஒருவருக்கு ஒரு வார உழைப்பின் முடிவில் கைக்கு வந்தது 67 சென்ட் என்று அதில் இருக்கிறது. அதே மனிதரின் லாரி பழுதானது. சரிசெய்யப் பணம் இல்லை. கம்பெனி அவரை வேலையிலிருந்து நீக்கி லாரியை எடுத்துக்கொண்டது. அந்த லாரியைச் சொந்தமாக்க அதுவரை அவர் கட்டியிருந்தது 78,000 டாலர். ஒரு பைசா திரும்பவில்லை.

இப்படி ஓட்டப்படும் வண்டி சாலையில் மற்றவர்களுக்கு என்ன செய்யும் என்பதையும் பேச வேண்டும். பணம் இல்லாதவர் முதலில் தள்ளிப்போடுவது சத்தம் போடாத பழுதைத்தான். பிரேக் அப்படிப்பட்டது. லாரிக்குக் காற்று பிரேக். பெடலை மிதித்தால் ஒவ்வொரு சக்கரத்திலும் சேம்பர் என்ற காற்றறையிலிருந்து ஒரு தண்டு வெளியே நீண்டு லைனிங்கை டிரம்மின் மேல் அழுத்தும். லைனிங் தேயத் தேயத் தண்டு நீள வேண்டிய தூரம் கூடும். பரவலாக உள்ள அளவுச் சேம்பரில் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் அந்தப் பிரேக் தவறியதாகக் கணக்கு. ஐந்து ஆக்சில் லாரியில் பத்துப் பிரேக். அவற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு தவறினால் சோதனை அதிகாரி வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். சரிசெய்யாமல் நகரக் கூடாது. இதெல்லாம் வண்டிக்கு அடியில் சாக்கட்டியும் அளவுகோலுமாகக் குனிந்து பார்த்தால் தெரிகிற விஷயம். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவருக்குச் சமதளத்தில் எதுவும் தெரியாது. முழுச் சுமையோடு 36 டன் எடை, நீண்ட இறக்கத்தில் இறங்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

சட்டம் இதில் குழப்பமில்லாமல் பேசுகிறது. 396-ஆம் பகுதி, மூன்றாம் விதி: தன் கட்டுப்பாட்டில் உள்ள எல்லா வண்டிகளையும் முறையாகச் சோதித்து, பழுதுபார்த்து, பராமரிக்க வேண்டியது சரக்குக் கம்பெனி. நாள் முடிவில் டிரைவர் குறை என்று எழுதிக்கொடுத்தால், பாதுகாப்பைப் பாதிக்கும் அந்தக் குறையைச் சரிசெய்து சான்றளித்த பிறகே வண்டியை மறுபடி அனுப்பலாம். லீஸ் வண்டியானாலும் கதவில் இருப்பது கம்பெனியின் பெயரும் அரசு கொடுத்த எண்ணும்தான். சாலைப் பாதுகாப்புக்குப் பொறுப்பு கம்பெனிக்கு, அதற்கான செலவு டிரைவருக்கு என்று ஒப்பந்தம் பிரித்துவிடுகிறது. இந்த ஓர் இடத்தில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது. குறை எழுதிக்கொடுத்தால் அதன் பில் தனக்கே வரும் என்று தெரிந்த மனிதர் எத்தனை நாள் உள்ளதை உள்ளபடி எழுதுவார்?

ஆபத்தான வண்டியை ஓட்ட மறுக்கும் உரிமையை 1982-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கொடுத்திருக்கிறது. மறுத்ததற்காகப் பழிவாங்கினால் 180 நாட்களுக்குள் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். லாரியைத் தானே ஓட்டும் சுயதொழில் ஒப்பந்தக்காரருக்கும் இது பொருந்தும். இது தெரியாத டிரைவர்கள் ஏராளம் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

நீதிமன்றங்கள் மெதுவாக நகர்ந்திருக்கின்றன. பிரைம் என்ற பெரிய சரக்குக் கம்பெனிக்கும் டொமினிக் ஒலிவேரா என்ற டிரைவருக்கும் இடையிலான வழக்கில், 2019 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்குப் பூஜ்யம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் ‘ஊழியர்’ என்று எழுதவில்லை என்பதைக் காட்டி இப்படிப்பட்ட டிரைவரைக் கட்டாயத் தனி நடுவரிடம் தள்ள முடியாது. அவர் நீதிமன்றத்துக்கே வரலாம் என்பது அதன் சாரம். கலிஃபோர்னியாவில் தொழிலாளர் சட்டத்தின் 2802-ஆம் பிரிவு, வேலைக்காக ஊழியர் செய்த செலவை முதலாளி திருப்பித்தர வேண்டும் என்கிறது. ஒருவர் ஊழியர்தான் என்று நிரூபணமானால் லாரித் தவணையும் பழுதுச் செலவும் கம்பெனி கணக்குக்கே போகும். துறைமுக டிரைவர்கள் பலர் இந்த வழியில் தொழிலாளர் ஆணையரிடம் வென்றிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 2021-இல் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், லாரி லீஸ் முறையை ஆராய ஒரு பணிக்குழுவை அமைக்கச் சொன்னது. டிரைவர்களின் கணக்குச் சீட்டுகளையும் ஒப்பந்தங்களையும் பார்த்து முடித்து, 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். சரக்குக் கம்பெனிகளின் பிடியில் உள்ள லீஸ்-பர்ச்சேஸ் முறையைத் திருத்திப் பயனில்லை, அமெரிக்க நாடாளுமன்றம் அதைத் தடைசெய்ய வேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரை. நியாயமான லீஸ் ஒன்றுகூட இருக்காதா என்று எதிர்வாதம் வரும். இருக்கலாம். ஆனால் பழுதைத் தள்ளிப்போட்டால்தான் வீட்டுக்குக் காசு என்ற நிலையில் ஒரு மனிதரை 36 டன் எடையோடு மலைச்சாலைக்கு அனுப்பும் ஏற்பாடு, அந்த நியாயமான ஒன்றுக்காகத் தொடர வேண்டியதில்லை. தடைதான் சரி.

அது வரும்வரை, வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அமெரிக்க லாரித் தொழிலில் பஞ்சாபிகள் பெருமளவில் இருக்கிறார்கள். டொராண்டோ பக்கம் லாரி ஓட்டும் தமிழர்களும் உண்டு. கனடாவில் சட்டம் வேறு, ஆனால் கேட்க வேண்டியவை மாறாது. உங்கள் உறவிலோ நட்பிலோ யாராவது இப்படி ஒரு லீஸில் கையெழுத்துப் போடப்போகிறார் என்று தெரிந்தால், அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் ஒருவரை வைத்து வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்; முந்தைய பழுதுகளின் பதிவைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். என்ஜின் வாரன்டி எத்தனை மைலில் முடிகிறது, வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வாரத்துக்குத் தவணை உண்டா, பராமரிப்பு நிதி யாரிடம் இருக்கும், பாதியில் விலகினால் எத்தனை நாளில் திரும்பும், வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போக முடியுமா என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்கட்டும். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். எழுதித்தர மறுக்கும் இடத்தில் சாவியை வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.